ராசியான காது

‘இதோ’ பாட்டைக் கேட்டவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் ஒரே மாதிரி தலையை இடது பக்கம் திருப்பினார்கள். கோயம்புத்தூர் டவுன் பஸ்ஸில் திருப்பினார்கள், சிங்கப்பூர் ரயிலில் திருப்பினார்கள், தமிழே தெரியாத ஊர்களிலும் திருப்பினார்கள். ஏன் என்று பெரிய பெரிய டாக்டர்கள் டி.வி.யில் உட்கார்ந்து வாய் வலிக்கப் பேசினார்கள். காரணம் ரொம்பச் சின்னது. கோயம்புத்தூர் கணபதியில் ஒரு தையல் கடையில், தையல் மிஷினுக்கு இடது பக்கம் வாசல் இருந்தது.

அந்த மிஷினில் உட்கார்ந்திருந்தவள் கலாமணி. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது தம்பி லோகநாதனுக்கு இன்னும் பால் பல்லே முழுசாக விழவில்லை. இவள் கல்யாணப் பேச்சை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு மிஷினில் உட்கார்ந்தவள்தான். பிளவுஸ் தைத்துத் தைத்தே அவனைக் காலேஜ் வரைக்கும் கொண்டுவந்தாள். அவன் என்னடாவென்றால் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, ஒரு வருஷம் முழுக்கக் காலேஜுக்குப் போவதாகவே டிபன் டப்பா தூக்கிக்கொண்டு போய் வந்திருக்கிறான். தெரிந்த அன்றைக்குத் தெருவே பார்க்க அறைந்துவிட்டு, “இனி இந்த வாசப்படிய மிதிக்காத” என்றாள். எதைச் சொன்னாலும் கேட்காத பையன், அதை மட்டும் கேட்டுக்கொண்டான். ஒன்பது வருஷம் ஆகிவிட்டது.

லோகுவுக்குக் கிரில் கேட்டைக் கையால் திறந்து பழக்கமே கிடையாது. செருப்பைத் தரையில் தேய்த்துக்கொண்டே வந்து, காலால் ஒரு தள்ளு. கேட்டு போய்ச் சுவரில் மோதி ‘டங்’ என்று நிற்கும். அதற்காக அவனைத் திட்டாத நாளில்லை. அவன் போன பிறகு, அந்த ஒரு சத்தத்துக்காகவே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தெருவில் யார் செருப்பைத் தேய்த்தாலும் மிஷின் நிற்கும், தலை இடது பக்கம் திரும்பும். பால்காரராக இருக்கும், இல்லாவிட்டால் கேபிள்காரராக இருக்கும். படுக்கப் போகும்போதும் கேட்டைப் பூட்ட மாட்டாள். சாப்பிட உட்காரும்போது இரண்டு தட்டு எடுத்து வைப்பாள், பிறகு ஒன்றைத் திருப்பி அலமாரியில் வைப்பாள். போலீஸ், பேப்பர் விளம்பரம், சோசியம் எல்லாம் பார்த்து ஓய்ந்த பிறகு அவளிடம் மிச்சமிருந்தது இந்தக் காத்திருப்பு மட்டும்தான். தம்பி என்று கையில் வைத்துக்கொள்ள அவளுக்கு வேறு எதுவும் இல்லை.

மாடியில் வாடகைக்கு இருந்தவர்கள்தான் ‘விசைத்தறி’ பேண்டு. இரண்டே பேர். நிரஞ்சன் மெட்டுப் போடுவான், கோட்டைமேட்டு நஸ்ரின் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்வாள். பேர்தான் எலெக்ட்ரானிக் பேண்டு. ஸ்பீக்கருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மிக்ஸருக்குச் சூடம் காட்டாமல் நிரஞ்சன் ஒரு பொத்தானைத் தொட மாட்டான். நஸ்ரின் அவன் சூடம் காட்டி முடிக்கும்வரை பால்கனியில் போய் நின்றுகொள்வாள். முதலில் போட்ட மூன்று பாட்டும் ஊத்திக்கொண்டன. நாலாவது பாட்டைப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தபோது கலாமணி தண்ணி மோட்டாரை நிறுத்தச் சொல்ல மாடிக்கு வந்தாள். வந்தவள் பேசிக்கொண்டே கால் பெருவிரலால் தாளம் போட்டாள். அந்தப் பாட்டு ஓடியது. அன்றிலிருந்து கலாக்கா காதில் விழாமல் எந்தப் பாட்டும் வெளியே போகாது என்று ஆகிவிட்டது.

அப்படி இருக்கும்போதுதான் நஸ்ரின் அந்தத் தலைப்பட்டையை வாங்கி வந்தாள். கல்யாணப் பெண்ணுக்கு நெற்றிச்சுட்டி கட்டுகிற மாதிரி தலையைச் சுற்றிக் கட்ட வேண்டிய ஒரு ரப்பர் பட்டை, உள்ளே பொட்டுப் பொட்டாக உலோகம்.

“இது என்ன அம்மணி பண்ணும்?” என்று கேட்டாள் கலாமணி.

“பாட்டு கேக்கறப்ப மண்டைக்குள்ள எந்த எடத்துல ஆசை கூடுதுன்னு பாக்குங்க்கா,” என்றாள் நஸ்ரின். “கூடற எடத்தை மயிரிழை மாத்தித் திருப்பிப் போடும். இன்னும் கூடுச்சுன்னா வச்சுக்கும், கொறஞ்சா தூக்கிப் போட்டுரும். அப்படியே தீட்டித் தீட்டி, கேட்டா விட முடியாத பாட்டா ஆக்கீரும்.”

“வலிக்குமா?”

“வலிக்காதுங்க்கா. ஆனா நூறு பேரை வச்சுத்தான் பண்ணணும்னு இதைச் செஞ்சவங்க சொல்லியிருக்காங்க. ஒவ்வொருத்தர் மண்டையும் ஒரு தினுசு. நூறு பேரைக் கலந்தாத்தான் எல்லார்த்துக்கும் பொதுவா ஒண்ணு வரும். ஒரே ஆள வச்சுத் தீட்டுனா...”

“நூறு பேரைக் கேட்டுத்தான மொத மூணும் ஊத்துச்சு?” நிரஞ்சன் குறுக்கே விழுந்தான். “ராசியான காது ஒண்ணு கீழயே இருக்கறப்ப நூறு காது எதுக்கு? அக்கா, நீங்க சும்மா உக்காந்தாப் போதும். உங்க எடத்துலயே உக்காருங்க. எடம் மாறுனா ராசி போயிரும்.”

உலகத்தில் வேறு எந்த ஊர் விஞ்ஞானியும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான். ஆனால் நிரஞ்சனுக்கு அது தப்பாகவே படவில்லை, கலாமணிக்கும் படவில்லை. நஸ்ரின் கூட, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டோம் என்று அதோடு விட்டுவிட்டாள்.

மிஷினில் உட்கார்ந்து பட்டையைக் கட்டி ஹெட்போனை மாட்டிக்கொண்டாள் கலாமணி. முதல் நாள் வெறும் சத்தமாக இருந்தது. அடியில் ஒரு தேய்ப்பு, மேலே மணி மாதிரி ஏதோ. இரண்டாம் நாள் அந்தத் தேய்ப்பு கொஞ்சம் நீண்டது. அப்புறம் ஒரு நாள், பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு உடம்பு சிலிர்த்துப் போய்த் தலை தானாக வாசலுக்குத் திரும்பியது. வந்துவிட்டான். தெருமுனையில் இருக்கிறான். இதோ கேட்டுப் பக்கத்தில் காலைத் தூக்கிவிட்டான். அவ்வளவு நிச்சயமாக ஒன்பது வருஷத்தில் ஒரு நாளும் அவளுக்குத் தோன்றியதில்லை. பாட்டு நின்றது. வாசலில் யாரும் இல்லை.

“இன்னொருக்கா போடு கண்ணு,” என்றாள்.

அவர்கள் கூப்பிடாத நாளிலும் அவளே மாடிக்குப் போய் நின்றாள். துணி வெட்டிப் போட்டது வெட்டிய மாதிரியே கிடந்தது. கஸ்டமர்கள் சண்டை போட்டார்கள். அவளுக்கு ஒரு மாசம் போல அந்தச் சந்தோஷத்திலேயே போனது. தம்பி ஒவ்வொரு நாளும் எத்தனையோ தடவை வாசல் வரைக்கும் வந்தான்.

பிறகு ஒரு சாயங்காலம் பாட்டு முழுக்க ஓடி முடிந்தது. கலாமணி ஹெட்போனைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“இன்னைக்கு ஒண்ணும் தோணலயே அம்மணி,” என்றாள்.

நஸ்ரின் திரையைப் பார்த்தாள். “அவ்வளவுதாங்க்கா. இதுக்கு மேல தீட்ட ஒண்ணுமில்லீன்னு சொல்லுது. பாட்டு முடிஞ்சுருச்சு.”

நிரஞ்சன் ஸ்பீக்கர் முன்னால் தேங்காய் உடைத்தான்.

‘இதோ’ வெளியான வேகத்தைச் சொல்லி மாளாது. கேட்டவர்கள் விடவில்லை. பாட்டு ஒரு இடத்தில் வெட்டினாற்போல நின்றுவிடும். அந்த இடத்தில் எல்லோரும் இடது பக்கம் திரும்புவார்கள், முகத்தில் ஒரு சிரிப்பு வரும், பிறகு மறுபடியும் முதலிலிருந்து போடுவார்கள். யாரோ வரப்போகிற மாதிரி இருக்கிறது என்றார்கள். யார் என்று கேட்டால் யோசித்துப் பார்த்துவிட்டு, தெரியவில்லை, ஆனால் நெம்ப வேண்டியவர்கள் என்றார்கள்.

முதலில் அது வேடிக்கையாகத்தான் இருந்தது. அப்புறம் தெருவில் கதவுகள் திறந்தே கிடக்க ஆரம்பித்தன. எதிர்வீட்டு ராஜாமணிக் கவுண்டர், நாய் நுழைந்தாலே ஊரைக் கூட்டுகிற மனுஷன், கேட்டை அகலத் திறந்து வைத்துவிட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணி. யாருக்குங்க என்றால், “வாரவங்களுக்கு” என்றார். திருட்டு கூடியது. ஆனால் திருடு கொடுத்தவர்கள் கூடக் கதவைச் சாத்தவில்லை. திருப்பூர்ப் பக்கம் ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை தாலியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றானாம். மண்டபமே வாசலைப் பார்த்துக்கொண்டிருந்ததாம். “கொஞ்சம் பொறுங்க, வந்துறட்டும்” என்று பெரியவர்கள் சொல்லச் சொல்ல முகூர்த்தம் தாண்டிவிட்டது. யார் வர வேண்டும் என்று இரண்டு வீட்டாருக்கும் தெரியவில்லை. ஒருவரை ஒருவர் கோபித்துக்கொள்ளவும் இல்லை.

சித்ரா டீச்சர் தைக்கக் கொடுத்த பிளவுஸை வாங்கவே வரவில்லை. கலாமணி வழியில் பார்த்துக் கேட்டபோது, “அவங்க வந்தப்பறம் உடுத்திக்கலாம்னு இருக்கேங்க்கா” என்றாள். ஆபரேஷனுக்குத் தேதி வாங்கியிருந்த தன் புருஷனும் போகவில்லை, அவங்க வரட்டும் என்கிறார் என்றாள். அதைச் சிரித்த முகமாகவே சொன்னாள். கலாமணிக்கு அந்தச் சிரிப்பை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் கலாமணி துணிகளை மடித்து வைத்தாள், விளக்குப் போட்டாள், கிரில் கேட்டை இழுத்துச் சாத்திப் பூட்டினாள். பூட்டிவிட்டு நடந்தவள் பாதி வழியில் நின்று கையைப் பார்த்தாள். சாவி இருந்தது. ஒன்பது வருஷமாகப் பூட்டாத கேட்டு அது. யோசித்துப் பார்த்தால், நேற்றும் பூட்டியிருந்தாள். தட்டும் ஒன்றுதான் எடுத்து வைத்திருந்தாள்.

லோகுவின் முகம் ஞாபகம் இருந்தது. அறைந்தபோது கன்னத்தில் விழுந்த விரல் தடம் கூட ஞாபகம் இருந்தது. ஆனால் வருவான் என்கிற அந்த ஒன்று, நெஞ்சில் இருந்த இடத்தில் இல்லை. பல் பிடுங்கிய இடத்தை நாக்கு தேடுகிற மாதிரித் தேடிப் பார்த்தாள். வலித்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது. வலிக்கவும் இல்லை.

அவள் மாடிக்குப் போனாள்.

“என்ற தம்பிய என்ன பண்ணுனீங்க?” என்று கேட்டாள்.

நஸ்ரினுக்கு அந்தக் கேள்வி என்றைக்காவது வரும் என்று தெரிந்திருக்க வேண்டும். எழுந்து வந்து அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

“ஊசி ஒரே எடத்துல ஏறி ஏறி எறங்குனா துணி என்னாகுங்க்கா?”

“பிஞ்சுரும்.”

“அப்படித்தான் ஆயிருச்சு. நூறு பேரு இருந்திருந்தா ஒவ்வொருத்தர்கிட்டயும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்திருக்கும். எல்லாத்தையும் உங்ககிட்டயே எடுத்துருச்சு. பாட்டு கேக்கற அத்தன பேரும் காத்துட்டிருக்கறது உங்க தம்பிக்குத்தாங்க்கா. அவங்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.”

“எல்லார்த்துக்கும் வருதில்ல? என்ற பாட்டு எனக்கே வராதா?”

“உங்ககிட்ட அது தீந்து போச்சுங்க்கா.”

நிரஞ்சன் ஜன்னல் பக்கம் நின்றிருந்தான். கெட்டவன் இல்லை அவன். வெற்றி வந்தவன் பேசுகிற மாதிரிப் பேசினான். “ஏனுங்க்கா, ஒம்போது வருச நோவு ஒட்டுக்காப் போச்சுன்னா நல்லதுதானுங்களே? எத்தன பேரு இதுக்கு மாத்திரை திங்கறாங்க.”

“நோவா இருந்தாலும் அது என்ற நோவு,” என்றாள் கலாமணி. “நான் யாருக்கும் தூக்கிக் குடுக்கல.”

நஸ்ரின் அழுதாள். அழுதுகொண்டே பாட்டை எடுத்துவிடலாம் என்றாள். எங்கே எடுப்பது? எல்லோர் போனிலும் இருக்கிறது, எல்லோர் வாயிலும் இருக்கிறது. ஒரே ஒரு வழி இருக்கலாம் என்று பிறகு அவளே சொன்னாள். பாட்டில் கடைசியாக வர வேண்டிய ஒரு சத்தம் வரவே இல்லை. அது வருவதற்கு முந்தின நொடியில்தான் ஆசை உச்சத்தில் இருந்தது என்பதால், கம்ப்யூட்டர் அங்கேயே பாட்டை வெட்டிவிட்டது. அந்தச் சத்தம் கேட்டால் எல்லோருக்கும் அடங்கிவிடும்.

“அது என்ன சத்தம்னு உங்களுக்குத்தாங்க்கா தெரியும்.”

கலாமணிக்குத் தெரிந்திருந்தது. மூன்று பேரும் கீழே இறங்கிப் போனார்கள். நிரஞ்சன் செருப்பைத் தேய்த்து நடந்துவந்து கேட்டைக் காலால் தள்ளினான். நஸ்ரின் மைக்கில் பிடித்தாள். எதிர்வீட்டுக் கவுண்டர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, எட்டிப் பார்த்து, முகம் சுண்டித் திரும்ப உட்கார்ந்தார். தெருவில் கால் உள்ள ஆம்பளைப் பையன்களை எல்லாம் கூப்பிட்டுத் தள்ளச் சொன்னார்கள். ஒவ்வொரு தடவையும் தெருவே எழுந்தது, தெருவே உட்கார்ந்தது. அது லோகு கால் இல்லை. யார் காலையும் லோகு கால் ஆக்க முடியவில்லை.

அவிநாசி ரோட்டுப் பக்கம் ஒரு மைதானத்தில் ‘விசைத்தறி’க்குப் பெரிய கச்சேரி நடந்தது. நஸ்ரின் மேடை ஏற மாட்டேன் என்றுவிட்டாள். நிரஞ்சன் கலாமணியை வருந்தி அழைத்துப் போய் மேடையின் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தான். ராசி அவனுக்கு இன்னும் விட்டுப் போகவில்லை. கலாமணியும் போனாள். அத்தனை பேர் நடுவில் கேட்டால் தனக்கும் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளாதா என்று ஒரு நப்பாசை.

கடைசியாக ‘இதோ’ போட்டார்கள். ஆயிரக்கணக்கான பேர் கத்திக்கொண்டும் குதித்துக்கொண்டும் இருந்தார்கள். அந்த இடம் வந்தது. சத்தம் வெட்டி நின்றது. மைதானத்தில் அத்தனை தலையும் ஒன்றாக இடது பக்கம் திரும்பின. அங்கே பைக் நிறுத்துகிற இடமும் ஒரு தகர வேலியும்தான் இருந்தன. யாரும் மூச்சு விடுகிற சத்தம்கூட இல்லை. மேடை வெளிச்சத்தில் அத்தனை முகங்களும் தெரிந்தன. மீசை வைத்த முகம், மூக்குத்தி போட்ட முகம், தோளில் தூக்கி வைத்த குழந்தையின் முகம். எல்லாவற்றிலும் புருவம் ஒரே மாதிரி ஏறியிருந்தது, உதடு ஒரே மாதிரி கொஞ்சம் பிரிந்திருந்தது. ராத்திரி முகம் கழுவும்போது ஒன்பது வருஷமாகக் கண்ணாடியில் பார்த்த முகம் அது. அவளுடைய முகம்.

அவள் மட்டும் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து, யாரிடமும் சொல்லாமல், ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டாள்.

லோகநாதன் வந்தது ஒரு மத்தியானம். கலாமணி ஒரு சுடிதாருக்குக் கழுத்து வைத்துக்கொண்டிருந்தாள். தெருமுனையில் செருப்புத் தேய்ந்தது. மிஷின் நிற்கவில்லை. ஆனால் தெருவில் நாற்காலிகள் நகர்கிற சத்தம் கேட்டது. ஒருவர் இருவர் இல்லை, எல்லா வீட்டிலும். செருப்பு கிட்டத்தில் வந்தது. கேட்டு போய்ச் சுவரில் மோதி ‘டங்’ என்று நின்றது.

அப்புறம் ராஜாமணிக் கவுண்டர் வேட்டி தடுக்க ஓடி வந்து கேட்டருகே நின்றவன் கையைப் பிடித்துக்கொண்டார். “வந்துட்டியா சாமி” என்று கேட்டுவிட்டு, சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். சித்ரா டீச்சர் வந்தாள், அவள் புருஷன் வந்தார், மளிகைக் கடைக்காரர் வந்தார். தொட்டுப் பார்த்தார்கள், தோளைத் தட்டினார்கள். யாருக்கும் அவன் பேர் தெரிய வேண்டியிருக்கவில்லை. வந்துவிட்டான், அவ்வளவு போதும். ஆளுக்கு ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பினார்கள். எத்தனையோ மாசத்துக்குப் பிறகு அந்தத் தெருவில் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்துகிற சத்தம் கேட்டது.

கலாமணி நூலை அறுத்துவிட்டுத் திரும்பினாள். ஆள் கறுத்திருந்தான், முன்மண்டை ஏறியிருந்தது. லோகு வந்துவிட்டான் என்று அவளுக்குத் தெரிந்தது. பால் பொங்கிவிட்டது என்று தெரிகிற மாதிரித்தான் தெரிந்தது. இந்த ஒரு நிமிஷத்துக்காக எத்தனை தடவை சாமி முன்னால் நின்றிருப்பாள். வந்தால் கட்டிக்கொள்வதா, காலில் விழுவதா, இன்னொரு அறை விடுவதா என்று எத்தனை விதமாக நினைத்து வைத்திருந்தாள்.

“வா,” என்றாள். “சாப்புட்டியா?”

“இல்லக்கா.”

மாடியிலிருந்து நஸ்ரின் மைக்கும் கையுமாக மூச்சு வாங்க ஓடி வந்தாள். “அண்ணா, இன்னொருக்கா. வெளிய போய் இன்னும் ஒரே ஒருக்கா அதே மாதிரி தள்ளுங்க.”

அவன் ஒன்றும் புரியாமல் போய்த் தள்ளினான். அவள் பிடித்துக்கொண்டாள். “முடிஞ்ச பாட்டை எவன் திருப்பிக் கேப்பான்?” என்று நிரஞ்சன் தலையில் அடித்துக்கொண்டான். நஸ்ரின் காதில் வாங்காமல், கடைசிச் சத்தத்தையும் சேர்த்துப் பாட்டை அன்றைக்கே வெளியே விட்டாள். நிரஞ்சன் சொன்னதும் சரியாகத்தான் இருந்தது. கேட்டவர்கள் ஒரு தடவை கேட்டார்கள், கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள், அப்புறம் மறந்துவிட்டார்கள். ஊர் ஊராகக் கதவுகள் சாத்திக்கொண்டன. திருப்பூர் மாப்பிள்ளை வேறு நாள் பார்த்துத் தாலி கட்டினான். சித்ரா டீச்சர் பிளவுஸை வாங்கிப் போனாள், கை இறுக்கமாக இருக்கிறது என்று சண்டையும் போட்டாள்.

ஆனால் அதெல்லாம் பிறகு. வந்த அன்றைக்கு லோகு கை கழுவிக்கொண்டு வந்து, சாப்பிட உட்காராமல், அக்காவின் தையல் ஸ்டூலில் போய் உட்கார்ந்தான்.

“எங்கடா இருந்த?”

“சூரத்துலக்கா. சாயப் பட்டறையில.”

“இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?”

“இல்லக்கா.” அவன் கண் வாசலிலேயே இருந்தது. “ஒரு பாட்டுக்கா. கூட வேல செய்யறவன் போன்ல போட்டான். கேட்டதிலிருந்து யாரோ வர்ற மாதிரியே இருக்குது. அங்க ரூம்ல உக்காந்து பாத்துட்டே இருந்தேன். அப்பறம்தான் பட்டுச்சு, பாட்டு கேக்கறப்ப இந்த வாசல்தான் தெரியுது. இந்த மிஷினு, இந்தக் கேட்டு. இங்க வந்து உக்காந்தா வந்துருவாங்கன்னு தோணுச்சு. அதான் வந்தேன்.”

கலாமணி குழம்புக் கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். அக்காவைப் பார்க்க வரவில்லை அவன். அவள் உட்கார்ந்த இடத்தில் உட்கார வந்திருக்கிறான்.

“யாருடா வரணும்?”

“பேரு தெரியலக்கா. நெம்ப வேண்டிய ஆளு. ஏதோ கோவத்துல போயிட்டாப்ல.”

நஸ்ரின் முழுப் பாட்டை அவனுக்குப் போட்டுக் காட்டினாள். கடைசியில் கேட்டு ‘டங்’ என்றது. உலகத்துக்கே அடங்கிய சத்தம் அவனுக்கு அடங்கவில்லை. “இது என்ற காலுங்க” என்றான், அவ்வளவுதான். நஸ்ரின் கலாமணியின் முகத்தைப் பார்க்க முடியாமல் மாடிக்குப் போய்விட்டாள்.

சாயங்காலம் கலாமணி கேட்டைப் பூட்டப் போனாள்.

“பூட்டாதக்கா,” என்றான் லோகு. “வந்தா என்ன பண்ணுவாங்க?”

அவள் பூட்டவில்லை. இரண்டு தட்டு வைத்தாள். “இன்னொண்ணு வைக்கா” என்றான். மூன்றாவதையும் வைத்தாள். அவன் இவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாசலையே பார்த்திருந்தான். ஒன்பது வருஷம் இவள் அப்படித்தான் இருந்திருப்பாள் என்று இப்போதுதான் பின்னாலிருந்து பார்த்தாள். பாவமாக இருந்தது. பாவம் என்கிற அளவுக்கு மேல் எதுவும் வரவில்லை, அதுதான் அவளை வாட்டியது.

கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு புழக்கடை வழியாக வெளியே போய், சந்து வழியாகச் சுற்றித் தெருமுனைக்கு வந்தாள். அங்கிருந்து செருப்பைத் தரையில் தேய்த்துத் தேய்த்து நடந்தாள். இருட்டில் கேட்டருகே வந்து, சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, காலால் ஒரு தள்ளு தள்ளினாள்.

உள்ளே ஸ்டூல் சரிந்து விழுந்தது. லோகு எழுந்து நின்றான். அந்த முகம், வழுக்கையும் கறுப்பும் வருஷங்களும் போய், பன்னிரண்டாவது ரிசல்ட் வந்த அன்றைக்குத் தெருமுனையிலிருந்து ஓடி வந்த பையனின் முகமாக இருந்தது. ஒரே ஒரு நொடி. அந்த நொடியில் கலாமணிக்கு நெஞ்சுக்குள் ஏதோ சுருக்கென்றது. வலித்தது. அவளுக்கு அழுகை வந்தது.

“நீதானாக்கா,” என்றான் அவன். முகம் விழுந்துவிட்டது. ஸ்டூலை நிமிர்த்திப் போட்டுக்கொண்டு மறுபடியும் வாசலைப் பார்த்து உட்கார்ந்தான்.

“நாந்தான் சாமி,” என்றாள் கலாமணி. “சாப்புடு, வா.”

இப்போது அந்தத் தெருவில் விளக்கு வைக்கிற நேரத்துக்கு எல்லாக் கதவும் சாத்தியிருக்கும். கணபதியில் ஒரே ஒரு கேட்டுதான் திறந்து கிடக்கிறது. தினமும் அந்த நேரத்துக்குக் கலாமணி கையிலிருக்கும் துணியை வைத்துவிட்டுப் புழக்கடை வழியாக வெளியே போகிறாள்.